நட்புக்காக

தமிழ்ப் படங்களில் பெயர்கள் ஓடும்போது ஒரு அட்டை வரும். மேலே சின்ன எழுத்தில் ‘நட்புக்காக’ என்றிருக்கும். கீழே கொட்டை எழுத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நடிகரின் பெயர். ‘கௌரவ வேடம்’, ‘சிறப்புத் தோற்றம்’ என்றும் போடுவார்கள். அவை மரியாதையைச் சொல்பவை. ‘நட்புக்காக’ மட்டும் கணக்கைச் சொல்கிறது. பணம் பேசவில்லை, அல்லது பேசிய பணம் வெளியே சொல்லும்படி இல்லை என்று அர்த்தம். (இதே பெயரில் 1998-ல் கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில் சரத்குமார் நடித்த படமும் உண்டு. அது பெரிய படம். நம் பேச்சில் அதற்கு வேலையில்லை.)

சிறுமுதலீட்டுப் படங்களுக்குப் பிரபல நடிகர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த அட்டையில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது. அட்டையில் அச்சாகாத இடங்களிலும் அதுதான் நடந்திருக்கிறது.

முதலில், எதற்கு இந்த முகம்? கையில் கதையோடு கோடம்பாக்கத்தில் அலையும் எந்தப் புது இயக்குநரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீடு திரும்பியதில்லை: “தெரிஞ்ச முகம் யாராவது இருக்காங்களா?” ஃபைனான்சியர் கேட்பார், விநியோகஸ்தர் கேட்பார், தொலைக்காட்சி உரிமை வாங்குபவர் கேட்பார், இப்போது ஓடிடிக்காரர்களும் கேட்கிறார்கள். கதை என்ன என்பது இரண்டாவது கேள்வி. சில இடங்களில் அந்த இரண்டாவது கேள்வி வருவதே இல்லை. இதில் அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு ஆள் வரவில்லை என்றால் திங்கட்கிழமை அந்தத் திரையில் வேறு படம். தெரு முனையில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்து, பைக்கை நிறுத்தாமலே ஒருவன் முடிவெடுக்கிறான். ஓடிடியிலோ தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான் போஸ்டர். அந்த இடத்தில் கதைச்சுருக்கம் செல்லாது, முகம்தான் செல்லும். தமிழ்நாடு அரசு தரமான குறைந்த செலவுப் படங்களுக்குத் தரும் மானியம் 7 லட்சம் ரூபாய். அதுவும் படம் முடிந்து, தணிக்கையாகி, தேர்வாகி, எப்போதோ வரும். அதை நம்பி யாரும் முதல் நாள் கேமரா வாடகை கட்ட முடியாது.

ஆகவே முகம் வேண்டும். முகத்துக்கு என்ன விலை என்று கேட்டால் எல்லோரும் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். ஒரு பேச்சுக்கு, மொத்தமே 1 கோடியில் ஒரு படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடிகர் பெரிய மனது வைத்து, “எனக்கு நீ ஒண்ணும் தர வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டார். மகிழ்ச்சி. ஆனால் அவருடைய மேக்கப்மேன், டச்சப் பையன், காஸ்ட்யூமர், டிரைவர் ஆகியோர் நட்புக்காக வருவதில்லை. அவர்களுக்கு நாள்படி பேட்டா உண்டு. கேரவன் உண்டு, அதற்கு டீசல் உண்டு. யூனிட் கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தாலும் அவருக்கு நகரத்தில் அறை போட்டாக வேண்டும். அங்கிருந்து லொகேஷனுக்குப் போய்வர 2 மணி நேரம் கழியும். இவையெல்லாம் கூடக் கணக்கில் எழுதக்கூடியவை. எழுத முடியாத செலவு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் கால்ஷீட்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் முதல் படப்பிடிப்பில் ஒரு வாரம் கூடவே இருந்தேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. அப்பா வேடத்துக்கு ஊரறிந்த குணச்சித்திர நடிகர் ஒருவர் 3 நாள் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், சம்பளத்தில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்தவர். அவர் மீது குறையே சொல்ல முடியாது. முதல் நாள் ரயில் தாமதம், பத்தரைக்கு வந்தார். மூன்றாம் நாள் மதியம் வேறொரு பெரிய படத்தின் மேனேஜரிடமிருந்து போன் வந்தது, 2 மணிக்குக் கிளம்பினார். ஆக 3 நாள் என்பது உண்மையில் இரண்டேகால் நாள். எடுக்க வேண்டிய காட்சிகள் 14.

என்ன செய்தார்கள்? காட்சியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தெரியும் மாஸ்டர் ஷாட்டை மறந்துவிட்டார்கள். அவர் பக்கத்து க்ளோஸ்-அப், அவர் நடந்து வருவது, அவர் திரும்பிப் பார்ப்பது என்று 14 காட்சிகளிலும் அவரை மட்டும் உருவி எடுத்தார்கள். சட்டையை மாற்று, அடுத்த காட்சி. துண்டைப் போடு, அதற்கடுத்தது. அவர் போன மறுநாள் மகளாக நடித்த பெண்ணின் பக்கத்தை எடுத்தார்கள். அவளுக்கு எதிரே ஒரு மூங்கில் கழி நட்டு, அப்பாவின் கண் உயரத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் குந்தியிருந்த உதவி இயக்குநர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் அப்பாவின் வசனத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். அந்தத் தாளைப் பார்த்து அந்தப் பெண் அழுதாள். முதுகு தெரிய வேண்டிய இடங்களில் புரொடக்‌ஷன் மேனேஜரே அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படம் முழுவதிலும் அப்பாவும் மகளும் ஒரே சட்டகத்தில் இருக்கும் ஷாட் ஒன்றே ஒன்றுதான். பின்னாளில் ஒரு விமர்சகர், தலைமுறைகளுக்கு இடையே விழுந்த விரிசலை இயக்குநர் காட்சிமொழியாலேயே சொல்லிவிட்டார் என்று பாராட்டி எழுதினார். நண்பர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

அதோடு முடியவில்லை. மீதிப் பணம் கைக்கு வராமல் டப்பிங் பேசுவதில்லை என்பது நடிகர்களின் வழக்கம். அதில் நியாயமும் உண்டு, ஏமாந்தவர்கள் அத்தனை பேர். நண்பரிடம் மீதி கொடுக்கப் பணமில்லை. அப்பாவின் குரல் இல்லாமல் படம் 4 மாதம் ஊமையாகக் கிடந்தது. கோடம்பாக்கத்தின் பாதிப் பஞ்சாயத்துகள் டப்பிங் தியேட்டர் வாசலில்தான் தீர்கின்றன.

சிறுபடத்துக்கு வரும் தெரிந்த நடிகரிடம் நாம் வாங்குவது முகத்தை அல்ல, நாட்களை என்பது அங்கே எனக்குப் புரிந்தது. இதை வைத்துக்கொண்டு பழைய படங்களைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகின்றன.

1978-ன் ‘அவள் அப்படித்தா’னை எடுத்துக்கொள்வோம். அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த சி. ருத்ரய்யாவுக்கு அது முதல் படம். கறுப்பு வெள்ளை. எழுத்தில் அனந்துவும் வண்ணநிலவனும் கே. ராஜேஷ்வரும். நடித்தவர்கள் ஸ்ரீப்ரியா, கமல்ஹாசன், ரஜினிகாந்த். இன்று இந்தப் பட்டியலைச் சொன்னால் யாரும் சிறுபடம் என்று நம்ப மாட்டார்கள். அன்றைக்கே மூவரும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள். பாலசந்தரின் பட்டறையில் இருந்த அனந்து கமலுக்கு நெருக்கமானவர். கதவு அந்த வழியாகத் திறந்தது. கமல் வந்தார், இளையராஜா வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். பெரிய படங்களின் இடைவெளிகளில் கிடைத்த நேரத்தில், மாதக்கணக்கில், துண்டு துண்டாக எடுத்தார்கள். குறைந்த வெளிச்சம், பூச்சு இல்லாத முகங்கள், நின்று பேசும் மனிதர்கள். இவற்றைக் கலைக்கொள்கை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. இரண்டு மணி நேரமே கிடைக்கிற இடத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருக்க முடியாது. நேரமின்மை ஒரு பாணியாக உறைந்து நிற்கிற அபூர்வம் அந்தப் படம். ருத்ரய்யாவின் திறமை, அந்தப் பற்றாக்குறையை மறைக்க முயலாமல் விட்டதில் இருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு அது திரைக்கு வந்தது. அதே தீபாவளிக்கு வண்ணத்தில் வந்தது பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, அதிலும் கமல். ஒன்றில் பெண்களைக் கொல்கிறவன், மற்றொன்றில் பெண்களைப் புரிந்துகொள்ள ஆவணப்படம் எடுக்கிறவன். ரசிகன் எந்தத் தியேட்டருக்குப் போனான் என்று சொல்ல வேண்டியதில்லை. ரஜினிக்காக உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது, நெற்றியில் விபூதியும் கையில் கோப்பையுமாகப் பெண்களை ஏளனம் செய்யும் ஒரு விளம்பர நிறுவன முதலாளி. அன்று படம் ஓடவில்லை.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். தெரிந்த முகம் இருந்தால் முதல் வாரம் தப்பிக்கும் என்பதுதானே எல்லோரும் சொல்லும் நியாயம்? இந்தப் படத்தில் முதல் வாரத்தைக் கெடுத்ததே முகங்கள்தான், எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டன. ஆனால் அதே முகங்கள்தான் படத்தைச் சாக விடாமல் காப்பாற்றின. கமல், ரஜினி நடித்த பழைய படம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொலைக்காட்சிகள் போட்டன. வீடியோ கேசட்டிலும் குறுந்தகட்டிலும் யூடியூபிலும் அது கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிதாக ஒரு கூட்டம் அதைக் கண்டுபிடித்தது. முகம் முதல் வாரத்துக்கு உதவுவதை விட இருபதாவது வருஷத்துக்கு அதிகம் உதவுகிறது. இதற்கு எதிர்ச்சான்றும் ருத்ரய்யாவிடமே இருக்கிறது. அவருடைய அடுத்த படம் ‘கிராமத்து அத்தியாயம்’ (1980). புதுமுகங்கள். இசை அதற்கும் இளையராஜாதான். இன்று எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? அதற்குப் பிறகு அவர் படமே எடுக்காமல் 2014-ல் காலமானார்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: அந்தப் படத்தில் உண்மையில் துணிந்தவர் ஸ்ரீப்ரியா. ஆண் நடிகர்கள் இருவருக்கும் அது பத்தோடு பதினொன்று. மசாலாப் படங்களின் கதாநாயகிக்கு மஞ்சு என்ற வேடம் வேறு எங்கும் கிடைத்திருக்காது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு பிரபல நடிகரை வரவழைக்கக் கூடியது இதுதான்: அவருடைய சந்தை அவருக்குத் தர மறுக்கும் வேடம். நட்பு கதவைத் திறக்கும். உள்ளே உட்கார வைப்பது வேடம்.

அதற்கு முந்தைய வருஷம் ‘16 வயதினிலே’. முதலில் ‘மயில்’ என்ற பெயரில் அரசின் திரைப்பட நிதிக் கழகத்தின் உதவியோடு கறுப்பு வெள்ளையில் எடுக்கத் திட்டமிட்ட கதையைக் கடைசியில் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரித்தார். கோவணமும் கோணல் நடையுமாகச் சப்பாணி வேடத்துக்கு, காதல் மன்னனாக வலம் வந்துகொண்டிருந்த கமல் ஒப்புக்கொண்டது வேடத்துக்காகத்தான். அந்தப் படம் ஓடு ஓடு என்று ஓடி, சிறுபடம் என்ற அடையாளத்தையே இழந்துவிட்டது. ஆகவே அதை விட்டுவிடலாம். ‘அழியாத கோலங்கள்’ (1979) நம் பேச்சுக்கு அதிகம் பொருந்துகிறது. பாலு மகேந்திராவின் முதல் தமிழ்ப் படம். பதின்வயதுப் பையன்கள் மூன்று பேர், ஒரு டீச்சர்; சந்தையில் அன்றைக்கு இதற்கு எந்தப் பெயரும் இல்லை. அவருடைய முதல் படமான கன்னடக் ‘கோகிலா’வில் நடித்திருந்த கமல், வளர்ந்துவிட்ட கதாநாயகனாகச் சில நிமிடங்கள் வந்து போகிறார். அந்தச் சில நிமிடங்கள் கதைக்குத் தேவையானவை, நாட்களோ மிகக் குறைவு, போஸ்டரில் பெயர் போடலாம். ‘நட்புக்காக’ வேடத்தின் இலக்கணமே இதுதான். தான் நடிக்காத ‘முள்ளும் மலரும்’ படத்தில் ஒரு பாடலை எடுத்து முடிக்கக் கமல் கைகொடுத்ததை மகேந்திரனே சொல்லியிருக்கிறார். அந்த 3, 4 ஆண்டுகளின் நல்ல படங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரே ஆளின் நட்பு வட்டம் எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று வியப்பாகவும், அந்த வட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று கவலையாகவும் இருக்கிறது.

அரசுப் பணம் இருந்தால் முகம் கேட்கும் தொல்லை இல்லை என்பார்கள். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எப்.டி.சி.) பணத்தில் கே.எஸ். சேதுமாதவன் எடுத்த ‘மறுபக்கம்’, 1990-ம் ஆண்டுக்கான தங்கத் தாமரையைப் பெற்றது. சிறந்த படத்துக்கான அந்தத் தேசிய விருது தமிழுக்கு வந்தது அதுவே முதல் முறை. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’தான் மூலம். அதில் நடித்தவர்கள் சிவகுமார், ராதா, ஜெயபாரதி. ஃபைனான்சியர் யாரும் கேட்காமலே தெரிந்த முகங்கள். சந்தைக்காக வைத்தவர்கள் அல்ல என்பதால் அவர்கள் யாரும் படத்தில் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. அந்த வழி இன்று தமிழில் அனேகமாக அடைபட்டுவிட்டது. அதைப் பற்றிப் பேசி ஆவதொன்றுமில்லை.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தமிழ்ச் சிறுபடங்களில் அதிகம் ‘நடித்த’ நட்சத்திரம் யார் என்று கேட்டால் இளையராஜா என்றுதான் சொல்வேன். ருத்ரய்யா படங்கள், பாட்டே இல்லாத ‘வீடு’, பல வருஷங்கள் கழித்து ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என எதிலும் முகம் காட்டாமல் போஸ்டருக்கு ஒரு முகம் கொடுத்தவர் அவர். அவருக்குக் கால்ஷீட் பிரச்சினையும் இல்லை. பின்னணி இசை வேலை படம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

2010-க்குப் பிறகு காட்சி மாறுகிறது. சீனு ராமசாமியின் ‘தென்மேற்குப் பருவக்காற்’றில் பெரிதும் தெரிந்த ஒரே முகம் சரண்யா பொன்வண்ணன். ‘நாயகன்’ காலத்திலிருந்து ஜனங்களுக்குத் தெரியும். இந்தப் படம் வந்தபோது கதாநாயகர்களுக்கெல்லாம் அம்மா. சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தின் கதாநாயகனை அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் முன்பு ‘வெண்ணிலா கபடிக் குழு’வில் எதிரணி ஆட்டக்காரர்களில் ஒருவராக ஓரமாக நின்றவர். அதே கபடிக் குழுவில் பரோட்டா தின்று பெயர் வாங்கியவர் சூரி. இவர்கள் இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓரத்து ஆள் விஜய் சேதுபதி ஆனார். 8 ஆண்டுகளில் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைத் தயாரித்தார், ஆனால் அதில் நடிக்கவில்லை. மூட்டை தூக்கி மலையேறும் ரங்கசாமியாக ஆண்டனி நடித்தார். ஆசைப்பட்டிருந்தால் அந்த வேடத்தை அவரே எடுத்திருக்கலாம், படம் இன்னும் பெரிதாக விற்றிருக்கும். ஆனால் அந்த மலைப்பாதையில் ரங்கசாமி நடக்காமல் விஜய் சேதுபதி நடந்திருப்பார். செழியனின் ‘டூலெட்’டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாடகைக்கு வீடு தேடி அலையும் குடும்பத்தின் கணவனாக நடித்தவர் சந்தோஷ் ஸ்ரீராம், தொழிலில் ஒளிப்பதிவாளர். அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தை வைத்துப் பாருங்கள். அவர் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு செல்ஃபி அல்லவா கேட்பார்?

நட்சத்திரத்தின் பெயரைச் சட்டகத்துக்குள் வைக்காமல் அதன் நெற்றியில், ‘தயாரிப்பு’ என்ற இடத்தில் வைப்பது அந்தப் பத்தாண்டின் கண்டுபிடிப்பு. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யைத் தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்தார்கள்; உள்ளே இரண்டு சிறுவர்களும் ஐஸ்வர்யா ராஜேஷும். அதில் சிலம்பரசன் வருகிறார், சிலம்பரசனாகவே. பீட்சாக் கடையைத் திறந்து வைக்க வரும் நடிகர். பிரபல நடிகரைச் சிறுபடத்தில் பயன்படுத்திய விதங்களில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை நான் பார்க்கவில்லை. அவருடைய பிரபலமே வேடம். நடிக்க வைக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

அதே மணிகண்டன் ‘கடைசி விவசாயி’யில் (2022) இன்னொரு கணக்குப் போட்டார். மையத்தில் நல்லாண்டி என்ற வயதான விவசாயி. சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாதவர். சுற்றிலும் உசிலம்பட்டி வட்டாரத்து ஜனங்கள். விஜய் சேதுபதி, யோகி பாபு இருவரும் ஓரத்தில். விஜய் சேதுபதி நடித்த ராமையா, செத்துப்போன காதலியோடு பேசிக்கொண்டு முருகனைத் தேடி அலைபவன். நினைத்தபோது வருவான், நினைத்தபோது போவான். யோகி பாபு, நிலத்தை விற்று யானை வாங்கியவர். யானை நிற்கிற இடத்தில் அவர் நிற்பார். எழுத்தில் இருக்கும் தந்திரத்தைப் பாருங்கள். வழக்கு, கைது, பயிர் என்று கதையை நகர்த்தும் எதுவும் இந்த இருவர் தலையிலும் இல்லை. டேட் தள்ளிப்போனாலும் படம் நிற்காது. மூங்கில் கழியில் தாள் ஒட்ட வேண்டியதில்லை. என் நண்பர் அந்த அப்பாவை இப்படி எழுதியிருந்தால் பிழைத்திருப்பார்: கும்பகோணத்துக்கு அவ்வப்போது வந்து போகும் அப்பா. ஹலிதா ஷமீமின் ‘சில்லுக்கருப்பட்டி’ இதை வடிவத்திலேயே சாதித்தது. நான்கு குறுங்கதைகள், அவற்றில் ஒன்றில் மட்டும் சமுத்திரக்கனியும் சுனைனாவும். முழுப் படத்துக்கும் ஒரு நடிகரின் மாதங்களைக் கேட்கத் தேவையே இல்லை. ‘கடைசி விவசாயி’ வெளிவருவதற்கு முன்பே நல்லாண்டி இறந்துவிட்டார். தேசிய விருதின் சிறப்புக் குறிப்பு அவர் பெயருக்கு வந்தது.

உள்ளூர்ச் சந்தையில் முத்திரை விழாத வெளியூர்ப் பிரபலத்தைக் கொண்டுவருவதும் ஒரு வழி. ‘ஆரண்ய காண்டம்’ (2011) படத்தில் ஆண்மை தளர்ந்த தாதாவாக ஜாக்கி ஷெராஃப் வந்தார். அந்தத் தளர்ச்சியைக் காட்டும் முதல் காட்சியை அன்று தமிழில் எந்தக் கதாநாயகனிடம் சொல்லியிருந்தாலும் கதை சொல்லல் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்த விஷயத்தை ஆராய விரும்புபவருக்கு, ஆய்வுக்கூடத்தில் வைத்து எடுத்ததுபோல ஓர் இணை கிடைத்திருக்கிறது: பி.எஸ். வினோத்ராஜின் இரண்டு படங்கள். ‘கூழாங்க’லில் யாரும் தெரிந்தவர் இல்லை, தயாரிப்பில் மட்டும் நயன்தாரா, விக்னேஷ் சிவன் பெயர். 2021-ல் ராட்டர்டாம் விழாவின் புலி விருது. இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரை. இவ்வளவுக்கும் பிறகு 2023 கடைசியில் ஓடிடி தளத்தில்தான் பொதுஜனம் அதைப் பார்க்க முடிந்தது. அடுத்தது ‘கொட்டுக்காளி’. தயாரிப்பு சிவகார்த்திகேயன், நடித்தவர்கள் சூரியும் அன்னா பென்னும். 2024 பிப்ரவரியில் பெர்லின் விழா, ஆகஸ்ட் 23-ல் ஊரெல்லாம் தியேட்டர். இயக்குநர் அதே ஆள், பார்வை அதே பார்வை, வெயில்கூட அதே மதுரை வெயில். இடையில் வந்து சேர்ந்தது ஒரு முகம்.

அந்த முகத்தை வினோத்ராஜ் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சூரி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பேச்சு. அந்த மதுரைப் பேச்சுதான் அவருடைய மூலதனம். படத்தில் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள். கரகரவென்று காற்றுதான் வருகிறது. மீனாவாக நடித்த அன்னா பென் அனேகமாக வாயே திறப்பதில்லை. பின்னணி இசை கிடையாது. ஜனங்கள் எதற்காகச் சூரியைப் பார்க்க வருவார்களோ, அதைப் படம் ஆரம்பிக்கும் முன்பே பிடுங்கி வைத்துவிட்டார் இயக்குநர். ‘விடுதலை’, ‘கருடன்’ என்று கதாநாயகனாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் இதற்குச் சம்மதித்த சூரியின் துணிச்சல் ஸ்ரீப்ரியாவின் துணிச்சலுக்கு நிகரானது. தியேட்டரில் பாதிப் பேர் எரிச்சலோடு வெளியே வந்தார்கள். இந்த மாதிரிப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று சினிமாக்காரர்களே சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எரிச்சல்பட்டவர்களும் சீட்டு வாங்கித்தான் உள்ளே போனார்கள். அந்தச் சீட்டைச் சூரி விற்றுக் கொடுத்தார். ‘கூழாங்கல்’ பிடிக்காமல் போவதற்குக்கூட ஜனங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. நட்சத்திரத்தின் பெயருக்குச் சிறுபடத்தில் முதல் தரமான இடம் தயாரிப்பு அட்டை. இரண்டாவது, வந்து போகிற வேடம். மைய வேடம், அந்த நடிகர் தன் பிம்பத்தின் ஒரு துண்டை உடைக்கக் கொண்டுவந்தால் மட்டும். பிம்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் குறைத்துக்கொண்டு வருபவரிடம் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. அது மலிவாகக் கிடைத்த பெரிய படம், அவ்வளவுதான்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு குறை தொக்கி நிற்கிறது. அனந்து இல்லாவிட்டால் ருத்ரய்யாவுக்குக் கமல் இல்லை. கூடப் படித்தவர், ஒரே அறையில் தங்கியவர், முதல் வாய்ப்புக் கொடுத்தவர் என்று ஏதோ ஒரு நூல் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கிறது. சென்னையில் யாரையும் தெரியாத, தொடர்வண்டியில் வந்து இறங்கிய, குறிப்பாகப் பெண்ணாக இருக்கிற ஓர் இயக்குநருக்கு ‘நட்புக்காக’ யார் வருவார்கள்? வந்தாலும், நட்புக்காக வந்தவரிடம் 9 மணிக்கு வரச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் கேட்டால் நட்பு கோபித்துக்கொள்ளும். இலவசம் என்பதால் அவர் நேரத்துக்கு விலையில்லை. விலையில்லாததால் உத்தரவாதமும் இல்லை.

அமெரிக்காவிலும் நட்பில்தான் காரியம் நடக்கிறது. வெறும் 30,000 டாலரில் நண்பர்களை வைத்து எடுக்கலாம் என்றிருந்த டாரன்டினோவின் முதல் படக் கதை, தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் வழியாக ஹார்வி கைட்டல் கையில் போய்ச் சேர்ந்தது. அவர் நடிக்கவும் வந்தார், இணைத் தயாரிப்பாளராகவும் ஆனார்; அவர் பெயரை வைத்துப் பணம் திரண்டது. ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ (1992) அப்படித்தான் நாம் இன்று அறியும் படமானது. ஆனால் அங்கே நட்பு இல்லாதவனுக்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. நடிகர் சங்கமே குறைந்த செலவுப் படங்களுக்குத் தனி ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறது. மொத்தச் செலவு 3 லட்சம் டாலருக்குள் என்றால் ஒரு விகிதம், 7 லட்சத்துக்குள் என்றால் இன்னொன்று, 20 லட்சத்துக்குள் என்றால் மற்றொன்று. நாள் கூலி, வேலை நேரம் எல்லாம் எழுத்தில். பிரபலமானவரும் அந்த விகிதத்தில் வந்து நடிக்கலாம். அவருடைய சந்தைச் சம்பளம் குறைந்துவிட்டதாக யாரும் பேச மாட்டார்கள். சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் அங்கே சகஜம். நம் நடிகர்கள் சிறுபடச் சம்பளத்தை வெளியே சொல்ல அஞ்சுவதற்குக் காரணமே அடுத்த தயாரிப்பாளர் அதைப் பிடித்துக்கொள்வார் என்பதுதான். விதி என்று ஒன்று இருந்தால் அந்த அச்சத்துக்கு வேலையில்லை.

தென்னிந்திய நடிகர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் உட்கார்ந்து பேசினால் ஒரே பக்கத்தில் எழுதிவிடக் கூடிய விஷயம் இது. படத்தின் மொத்தச் செலவுக்கு மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் நாள் சம்பளம். உதவியாளர் பேட்டாவுக்கு ஓர் உச்ச வரம்பு. கொடுத்த நாட்களை மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. டப்பிங்குக்கு முன் எவ்வளவு, படம் விற்ற பிறகு எவ்வளவு. வருஷத்துக்கு ஒரு சிறுபடம் என்று பத்து முன்னணி நடிகர்கள் இதில் கையெழுத்துப் போட்டாலே போதும். அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுந்து இதைக் கேளுங்கள். அட்டையில் ‘நட்புக்காக’ என்றே போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆட்சேபணை இல்லை.